மோர்க்குழம்பு வைக்கத் தெரியுமா? வெள்ளைப் பாஸ்தாவும் வரும்!

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வாய்க்குப் பிடிச்சதா, வழவழன்னு ஒரு தட்டு வெள்ளைப் பாஸ்தா சாப்பிடணும்போல இருக்கு."

ஏழு மாதக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டரை மணிக்கு என் மருமகள் இப்படிச் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. பூண்டுக் குழம்பு என்ன, சுறாப்புட்டு என்ன, முருங்கைக்கீரைப் பொரியல் என்ன! பிள்ளை பெற்ற நாளிலிருந்து பத்தியமாகப் பார்த்துப் பார்த்து ஆக்கிப் போட்டவள் நான். அதையெல்லாம் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறவளுக்குப் பாஸ்தா கேட்கிறதாமே!

ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பிரசவ விடுப்பு இருபத்தாறு வாரம் முடிந்து வேலைக்குத் திரும்பி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் எட்டு மணிக்குக் கோவிலம்பாக்கத்தில் கம்பெனி வண்டி ஏறினால், துரைப்பாக்கம் போய்விட்டு வீடு திரும்ப எட்டு மணி ராத்திரி. வந்ததும் குழந்தைக்குப் பால். பிறகு நின்றபடியே ஒரு துண்டு ரொட்டியோ, ஒரு வாழைப்பழமோ. அதுதான் அவளுடைய ராச்சாப்பாடு. குழந்தைக்கு வயிறு நிறைகிறது, தாய்க்கு நிறையவில்லை.

அன்று வெளியிலிருந்து வரவழைத்தோம். நானூறு ரூபாயை நெருங்கும் விலை. இரண்டு பேருக்குக்கூடப் போதாது. வந்து சேர்ந்தபோது ஆறி, இறுகி, டப்பாவைக் கவிழ்த்தால் இட்லி மாதிரி ஒரே கட்டியாக விழுந்தது. மருமகள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

"இதை நம்ம வீட்டு அடுப்பிலேயே செய்தால் என்ன?" என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ரோமாபுரியிலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

இந்த வெள்ளைப் பாஸ்தாவுக்கு ஒரு கதை இருக்கிறது. படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஹோட்டல்களில் 'ஆல்ஃபிரடோ' என்று ஒரு பெயரைப் போட்டிருப்பார்களே, அது ஒரு மனிதருடைய பெயர். ஆல்ஃபிரடோ தி லேலியோ, இத்தாலி தேசத்து ரோம் நகரத்துச் சமையல்காரர். 1908-ல் அவர் மனைவி இனெஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பின் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். என்ன செய்தும் சாப்பிடாதவளுக்காகக் கணவர் ரவையில் நாடா நாடாகப் பாஸ்தா செய்து, சூட்டோடு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார். அவளும் சாப்பிட்டாள். "இதைக் கடையிலும் போடுங்களேன்" என்றாள் என்று அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள்.

1920-ல் தேனிலவுக்கு ரோம் போன ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் அதைச் சாப்பிட்டு மயங்கிப் போனார்களாம். அதன் பிறகுதான் அதற்கு உலகப் புகழ். பாருங்களேன், பணக்காரப் பண்டம் என்று நாம் நினைப்பது, பிள்ளை பெற்றவளுக்குப் பசி எடுக்கட்டும் என்று ஒருவர் செய்து கொடுத்த பத்தியச் சாப்பாடு! இத்தாலியில் வயிறு சரியில்லாதவர்களுக்கு இன்றும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மட்டும் சேர்த்த வெள்ளைப் பாஸ்தாதான் கொடுப்பார்கள். நாம் ரசஞ்சாதம் கொடுப்பது மாதிரி.

இன்னொரு விஷயம். அந்தப் பழைய பக்குவத்தில் க்ரீமே கிடையாது. க்ரீம் ஊற்றுவது பிற்பாடு அமெரிக்காவில் ஏற்பட்ட வழக்கம். அப்படியானால் அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் நாள் செய்த பசை

முதல் தடவை, பாஸ்தாவை வேகவைத்துக் கஞ்சித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒட்டாமலிருக்கக் குழாயடியில் நன்றாக அலசினேன். கொதிக்கிற பாலில் மைதாவை அப்படியே தூவினேன். அது கோலி கோலியாகத் திரண்டுகொண்டது. சீஸைப் போட்டு இன்னும் நன்றாகக் கொதிக்கட்டும் என்று விட்டேன். எண்ணெய் தனியாக, திப்பி தனியாக நின்றது.

"அம்மா, இது பாஸ்தாவா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்றான் என் பிள்ளை. மருமகள் மட்டும், "பரவாயில்லை அத்தை, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டாள். அந்தப் 'பரவாயில்லை'தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை மோர்க்குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். ஊறவைத்த துவரம்பருப்பு, கொஞ்சம் அரிசி, தேங்காய், பச்சைமிளகாய். இந்தப் பருப்பையும் அரிசியையும் எதற்கு அரைக்கிறோம்? குழம்பு கெட்டிப்படவும், மோர் திரியாமல் இருக்கவும்தானே? குழம்பை ஏன் தளதளவென்று கொதிக்க விடுவதில்லை? நுரை கட்டியதும் ஏன் இறக்குகிறோம்? விட்டால் திரிந்துவிடும் என்பதால்தானே? கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். முதல் நாள் நான் செய்த தப்பு அத்தனைக்கும் பதில் அந்த மோர்க்குழம்புச் சட்டியில் இருந்தது!

பாஸ்தா வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரில் இறங்கிக் கஞ்சியாகிறது. அந்தக் கஞ்சிதான் பாலையும் வெண்ணெயையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்து, சாற்றைப் பாஸ்தாமேல் வழவழவென்று பூசுகிறது. ரோமில் ஆல்ஃபிரடோ செய்ததும் அதுதான். நான் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மீதியிருந்ததையும் குழாயடியில் கழுவிவிட்டேன்! சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். பாஸ்தாக் கஞ்சியை மட்டும் கொட்டலாமா?

தேவையான பொருட்கள் (மூன்று பேருக்கு)

பாஸ்தா - 200 கிராம்
காய்ச்சி ஆறிய பால் - அரை லிட்டர்
வெண்ணெய் - ஒன்றரை மேஜைக்கரண்டி
மைதா அல்லது கோதுமை மாவு - ஒன்றரை மேஜைக்கரண்டி
சீஸ் கட்டி - 2 (சுமார் 40 கிராம்)
முந்திரிப்பருப்பு - 10
பூண்டு - 6 பல்
காரட், பீன்ஸ், குடைமிளகாய், பட்டாணி - நறுக்கியது 2 கப்
பொடித்த மிளகு - அரை டீஸ்பூன்
ஜாதிக்காய்த் தூள் - ஒரு சிட்டிகை
உப்பு - தேவைக்கு

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பாருங்கள். 'டூரம் கோதுமை ரவை' என்று இருக்க வேண்டும். டூரம் என்பது கெட்டியான ஒருவகைக் கோதுமை. அதன் ரவையில் செய்தது குழையாது. மைதாவில் செய்தது விலை குறைவுதான், ஆனால் கொஞ்சம் அசந்தால் களியாகிவிடும். வடிவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குழாய் மாதிரி நறுக்கிய பென்னேயானால் துளைக்குள்ளும் சாறு ஏறி ருசியாக இருக்கும். மக்ரோனியும் சரிதான்.

ஜாதிக்காய் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வாங்கி, டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டதால் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்த ஜாதிக்காய்க்கு இப்படியொரு வேலை கிடைத்தது.

செய்முறை

காலையிலேயே காய்களை நறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சாயந்திரம் முந்திரியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொஞ்சம் பால் விட்டு மைய அரைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுப்படியில் நிற்கும் நேரம் இருபத்தைந்து நிமிஷம்தான்.

முதலில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். இத்தாலிக்காரர்கள் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு வைப்பார்கள். கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற நமக்கு அது கட்டுப்படியாகுமா? 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். நல்ல வேளையாக, தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டியாகும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, பாஸ்தாவைச் சேர்த்து, அடியில் ஒட்டாமல் அவ்வப்போது கிளறிவிடுங்கள். பாக்கெட்டில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிஷமே வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு சாற்றில் ஆகும். வடிக்கும் முன் ஒரு டம்ளர் கஞ்சியை எடுத்து வைக்க மறக்காதீர்கள். பாஸ்தாவை அலசவும் வேண்டாம், எண்ணெய் விட்டுப் பிசிறவும் வேண்டாம். இரண்டும் சாறு ஒட்டாமல் செய்துவிடும்.

அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் வாணலியை வைத்து, அரை மேஜைக்கரண்டி வெண்ணெயில் காய்களை நறுக்கென்று வதக்கித் தனியே எடுத்து வையுங்கள். அதே வாணலியில் மீதி வெண்ணெயை விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டைச் சிவக்காமல் வதக்கி, சிறு தீயில் மாவைப் போட்டுப் பச்சை வாசனை போக ஒன்றிரண்டு நிமிஷம் வறுங்கள். ரவை உப்புமாவுக்கு ரவையை நெய்யில் வறுப்பது மாதிரிதான். மாவுத் துகள் ஒவ்வொன்றையும் வெண்ணெய் சூழ்ந்துகொள்வதால் பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாது.

இப்போது ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். முதல் கரண்டிப் பால் முழுதும் கலந்த பிறகுதான் அடுத்த கரண்டி. எல்லாப் பாலும் சேர்ந்ததும் தீயைச் சற்றுக் கூட்டிக் கொதி வரும்வரை கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் பூசினாற்போல் நிற்கும் பதம் வந்ததும் முந்திரி விழுது, மிளகு, ஜாதிக்காய் சேருங்கள்.

வடித்த பாஸ்தாவையும் காய்களையும் இதில் போட்டு, எடுத்து வைத்த கஞ்சியில் அரை டம்ளர் விட்டு இரண்டு நிமிஷம் பிரட்டுங்கள். அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் துருவிய சீஸ். மோர்க்குழம்பு பாடம் ஞாபகம் இருக்கிறதல்லவா? நம் கடைகளில் கிடைக்கும் கட்டி சீஸ் பதப்படுத்தியது. பிரியாமல் உருகுவதற்கான உப்புகள் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அந்தச் சூட்டிலேயே சுலபமாகக் கரைந்துவிடும். அந்த உப்பு போதாதென்று வெண்ணெயிலும் உப்பு இருக்கலாம். ஆகவே கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.

வாணலியில் இருக்கும்போது சற்று நீர்க்க இருக்கிறதே என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டுக்குப் போவதற்குள் இறுகிக்கொள்ளும். ஆறிய கஞ்சி உறைவது மாதிரி இதுவும் உறையும். அன்று டப்பாவில் வந்தது கட்டியாக விழுந்ததன் காரணம் இதுதான். இது சுடச்சுட, வீட்டில், உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பண்டம்.

சின்னச் சின்னக் கவனங்கள்

இறுகிவிட்டால் இரண்டு மூன்று கரண்டி சூடான பாலோ மீதிக் கஞ்சியோ விட்டுச் சிறு தீயில் பிரட்டுங்கள், இளகிவிடும்.

இந்தச் சாற்றில் தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். புளிப்புப் பட்டால் பால் திரியும்.

சீஸ் இல்லையா? முந்திரியை இரட்டிப்பாக்குங்கள். குருமாவில் தெரிந்த வித்தைதானே!

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் செய்யலாம். சொதிக்குச் செய்வது போல இரண்டாம் பாலில் கொதிக்கவைத்து, கெட்டியான முதல் பாலை இறக்கும் சமயம் விடுங்கள். சீஸ் வேண்டாம், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்.

மிஞ்சினால் நம் ஊர் வெக்கைக்கு வெளியே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

தாய்க்கு எவ்வளவு வேண்டும்?

"பாஸ்தா உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 520. சுண்ணாம்புச்சத்து தினம் 1,200 மில்லிகிராம். அந்தச் சத்து சாப்பாட்டில் குறைந்தாலும் தாய்ப்பாலில் உடனே குறைவு தெரியாது. தாயின் எலும்பிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும் உடம்பு! குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் தாயும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நாம் ஏமாந்துபோவது இதனால்தான்.

மேலே சொன்ன அளவில் ஒரு தட்டு, நான் போட்ட கணக்கில், 500 கலோரியை ஒட்டி வருகிறது. புரதம் 15 கிராமுக்கு மேல் இருக்கும். பாலிலிருந்து மட்டும் ஆளுக்கு 200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. மருமகள் ராத்திரிதோறும் விட்டுக்கொண்டிருந்தது ஏறக்குறைய இவ்வளவையும்தான். கொழுப்பும் ஆளுக்கு 15 கிராமுக்கு மேல் வரும், மறைப்பானேன்! ஆகவே எங்கள் வீட்டில் இது வாரம் ஒரு நாள், புதன்கிழமை. மற்ற நாட்களில் கீரையும் மீனும் பருப்பும் இருக்கின்றன.

இளந்தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. இந்தப் பாஸ்தாவில் உப்பும் சீஸும் இருப்பதால் ஆசைக்குக்கூடக் குழந்தை வாயில் வைக்காதீர்கள்.

இன்னொன்று முக்கியம். பிரசவத்துக்குப் பின் பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'சோம்பல்', 'கொழுப்பு' என்று பெயர் சூட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது குணமாகக்கூடிய நோய். நானும் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அசதிதான், நேரத்துக்குச் சாப்பாடும் ஓய்வும் இருந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

புதன்கிழமை ராத்திரி

இப்போதெல்லாம் புதன்கிழமை சாயந்திரம் வண்டி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது மருமகள் போன் செய்வாள். "அத்தை, தண்ணி வைச்சிட்டீங்களா?" அவள் வந்து, கைகால் கழுவி, குழந்தைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்கும் நான் சீஸ் துருவுவதற்கும் சரியாக இருக்கும். குழந்தையை என் பிள்ளை தூக்கிக்கொள்வான். அது அவனுடைய புதன்கிழமை வேலை. மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையும் காலியாக, தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. "அத்தை, அந்தப் பூண்டுக் குழம்பு இன்னிக்கு வைக்கிறீங்களா?" என்று அவளாகவே கேட்டாள். பசி திரும்பிவிட்டால் எல்லாமே ருசிக்கும் போலிருக்கிறது. பத்தியம் என்பது இன்ன குழம்பு, இன்ன பொரியல் என்பதில் இல்லை, பிள்ளை பெற்றவள் நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதில்தான் இருக்கிறது என்று இந்த வயதில் நான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் நின்றபடி சாப்பிடுகிற மகளோ மருமகளோ இருந்தால், அல்லது அப்படிச் சாப்பிடுகிறவர் நீங்களாகவே இருந்தால், ஒரு நாள் ராத்திரி இதைச் செய்து பாருங்கள், சகோதரிகளே. கஞ்சியை மட்டும் கொட்டிவிடாதீர்கள்!